தீயணைப்பு வண்டி ஏன் தாமதமாக வந்தது என்று கேட்பது எப்படி

எங்கள் தெருக் கடைசியில் ஆறு கீற்று வீடுகள் இருந்தன. ஒரு மாசி மாதத்து மத்தியானம், காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த நேரம், முதல் வீட்டு அடுப்படியில் பிடித்த தீ கால் மணி நேரத்துக்குள் ஆறு வீட்டையும் முடித்துவிட்டது. உயிர் ஏதும் போகவில்லை, அதுவே பெரிய விஷயம். ஆனால் அலுமினியக் குண்டான் உருகித் தரையோடு ஒட்டிக் கிடந்ததையும், பத்தாவது பரீட்சை எழுத வேண்டிய பெண் சாம்பலுக்குள் குச்சியை விட்டு ஹால் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்ததையும் பார்த்த யாருக்கும் கோபம் வராமல் இருந்திருக்காது. தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் "முக்கால் மணி நேரம் கழிச்சு என்னத்துக்குய்யா வர்றீங்க" என்று டிரைவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினோம். யாரோ ஒருவர் கல்லெடுத்து முன்கண்ணாடியில் அடித்தார்.

மூன்று மாதம் கழித்து, ஆர்டிஐ என்கிற தகவல் உரிமைச் சட்டத்தின்படி போட்ட மனுவுக்குப் பதில் வந்தபோதுதான் நடந்தது என்னவென்று தெரிந்தது. எங்கள் ஊர் நிலையத்தில் இருப்பது ஒரே வண்டி, அன்று அது வேறொரு கிராமத்தில் வைக்கோல் போர் எரிகிறது என்று போயிருந்தது. எங்களிடம் வந்தது பக்கத்து ஊர் வண்டி. 17 கிலோமீட்டர் தள்ளியிருந்து, தகவல் கிடைத்த 26ஆவது நிமிடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். எங்களுக்காக விழுந்தடித்து ஓடிவந்தவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் கத்தியிருக்கிறோம். இவ்வளவு பெரிய பகுதிக்கு ஒரே வண்டி ஏன், அந்த நிலையத்தில் ஏழு பணியிடம் காலியாகக் கிடப்பது ஏன் என்ற கேள்விக்கு எந்த டிரைவராலும் பதில் சொல்ல முடியாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஏசி அறைக்குள் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நாலைந்து தீ விபத்துகளுக்கு மற்றவர்களோடு சேர்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை, தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோபத்தைக் குழாய் பிடித்து நிற்பவர் மேல் காட்டாதீர்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்கள் என்று வழக்கு வரும், அதைவிட மோசம், அந்த வழக்கோடு உங்கள் கேள்வி செத்துப்போகும்.

அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டியவை

எல்லாமே நிமிடக் கணக்குதான். பதறிக்கொண்டு நிற்கும்போது ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும், இது மனித இயல்பு, அதனால் "ரொம்ப நேரம் ஆச்சு" என்பது எந்த அலுவலகத்திலும் நிற்காது. 101க்கோ 112க்கோ அடித்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, அவர்கள் போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு அடித்தார்கள், எத்தனை விநாடி பேசினார்கள், முதல் முறையே லைன் கிடைத்ததா, எல்லாம் அதில் இருக்கும். பழைய பட்டியல் நாளாக ஆக அழிந்துவிடும், போனை மாற்றிவிட்டால் அதுவும் போச்சு.

எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. தீ பிடித்ததும் முதல் ஆள் அடித்தது தீயணைப்புக்கு இல்லை, வார்டு கவுன்சிலருக்கு. அடுத்தவர் தெரிந்த போலீஸ்காரர் ஒருவருக்கு அடித்தார். 101க்கு முதல் அழைப்பு போனது ஒன்பது நிமிடம் கழித்து. இதை நாங்களே மறைத்திருந்தால் பின்னால் அவர்கள் எடுத்துக் காட்டியிருப்பார்கள், நம் பக்கத்துத் தப்பை நாமே முதலில் எழுதிவிட்டால் மற்ற கேள்விகளுக்கு மரியாதை கூடும்.

அப்புறம் வீடியோ. வாட்ஸ்அப்பில் வந்த காப்பியை நம்பாதீர்கள், அதில் எடுத்த நேரம் தெரியாது. எடுத்தவர் போனிலிருந்து அசல் கோப்பையே வாங்கிப் பென் டிரைவில் போட்டு வையுங்கள். தெருமுனைக் கடைகளில் சிசிடிவி இருந்தால் அன்று மாலையே போய்க் கெஞ்சிக் கேளுங்கள், பல கடைகளில் சில வாரத்தில் பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். வண்டி தெருவுக்குள் திரும்பிய நிமிடமும், குழாயிலிருந்து முதல் தண்ணீர் வந்த நிமிடமும் கிடைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. வண்டியின் பதிவு எண்ணும் எந்த நிலையத்து வண்டி என்பதும் அதிலேயே தெரியும்.

பார்த்தவர்களை உட்காரவைத்துத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கூட்டமாக உட்கார்ந்து எழுதினால் எல்லாருடைய நினைவும் ஒன்றாகிவிடும். தண்ணீர் நடுவில் தீர்ந்ததா, குழாய் எட்டவில்லையா, பம்ப் ஸ்டார்ட் ஆக நேரமானதா, வந்தவர்கள் எத்தனை பேர், மூச்சுக் கருவி போட்டிருந்தார்களா, இந்த மாதிரி கண்ணால் கண்டதை மட்டும்.

யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணையிலும் தீயணைப்புப் பணி உள்ளாட்சிகளுக்கான வேலைகளில் ஒன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அது மாநில அரசுத் துறை. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை உள்துறையின் கீழ் வருகிறது, 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தின்படி நடக்கிறது, தலைமையில் சென்னையில் ஓர் இயக்குநர் இருக்கிறார். நிலையத்துக்கு நிலைய அலுவலர், அவருக்கு மேலே மாவட்ட அலுவலர். அதனால் வண்டி ஏன் தாமதம் என்று மேயரிடம் மனு கொடுத்தால் அது எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் மேயரையும் நகராட்சி ஆணையரையும் விட்டுவிடவும் கூடாது. வண்டி நுழைய முடியாத தெரு, ஆக்கிரமித்த நடைபாதை, தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் இடம், இவையெல்லாம் உள்ளாட்சியின் பொறுப்பு. தாழ்வாகத் தொங்கும் கம்பி மின்வாரியத்தின் பொறுப்பு. மின்கசிவுதான் காரணம் என்று சொன்னால் மின் ஆய்வாளர் அறிக்கை எங்கே என்று தனியாகக் கேட்கலாம். மின்கசிவு என்பது பல அறிக்கைகளில் வேறெதுவும் தேடாமல் எழுதும் வார்த்தை, யார் சோதித்து அப்படிச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆர்டிஐ மனு: "ஏன்" என்று எழுதாதீர்கள்

புதிதாக எழுதுபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். "வண்டி ஏன் தாமதமாக வந்தது? இதற்கு யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்?" என்று மனுவில் எழுதுவார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 கையில் இருக்கிற பதிவைக் கேட்கத்தான் வழி செய்கிறது, விளக்கம் கேட்க இல்லை. "இது தகவல் வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அந்தப் பதில் சட்டப்படி சரியாகவும் இருக்கும். ஆகவே காகிதத்தைக் கேளுங்கள், காரணம் காகிதத்திலேயே இருக்கும்.

எந்தக் காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, அது 6ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட அலுவலர் அலுவலகம், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, உங்கள் மாவட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை வாங்கி மனுவில் ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மாநில அரசின் ஆன்லைன் ஆர்டிஐ தளத்திலும் போடலாம், ஆனால் நான் தபாலில்தான் அனுப்புவேன். ஸ்பீட் போஸ்ட்டில் போட்டு, ரசீதை மனு நகலோடு பின் அடித்து வைத்துக்கொள்வேன். அனுப்பிய தேதிக்கு ஆதாரம் இல்லாமல் பின்னால் மேல்முறையீட்டில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்விகளை இப்படி வையுங்கள், ஊரையும் தேதியையும் மாற்றி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"இன்ன தேதியில் இன்ன இடத்தில் நடந்த தீ விபத்து தொடர்பாகத் தகவல் பெறப்பட்ட நேரம், வண்டி நிலையத்திலிருந்து புறப்பட்ட நேரம், இடத்தைச் சேர்ந்த நேரம், தீ கட்டுக்குள் வந்த நேரம், நிலையம் திரும்பிய நேரம் ஆகியவை பதிவான பதிவேட்டுப் பக்கங்களின் சான்றிட்ட நகல் வேண்டும்."

"அன்று பயன்படுத்திய வண்டிகளின் ஓட்டப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கான பக்கம் வேண்டும்."

"இந்த விபத்து குறித்துத் தயாரித்த தீ அறிக்கையின் நகல் வேண்டும்."

"அந்தத் தேதியில் இந்த நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அன்றைய பணி முறையில் இருந்தவர்கள் எத்தனை பேர், பதவி வாரியாக."

"நிலையத்தில் உள்ள வண்டிகள், ஒவ்வொன்றும் வாங்கிய ஆண்டு, கடந்த இரண்டு ஆண்டில் பழுதாகி நின்ற நாட்கள்."

"மூச்சுக் கருவிகள், குழாய்கள், ஏணிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் கடைசியாகச் சோதித்த தேதியும்."

"கடந்த இரண்டு ஆண்டில் இந்த நிலையம் போய்வந்த எல்லாத் தீ அழைப்புகளுக்கும் தகவல் வந்த நேரம், சேர்ந்த நேரம், தூரம்."

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஒரு விபத்தில் தாமதம் என்றால் அன்று ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். இரண்டு வருடக் கணக்கில் மத்தியான நேர அழைப்புகள் எல்லாமே 20 நிமிடத்தைத் தாண்டுகிறது என்றால் அதற்குத் துறைதான் பதில் சொல்ல வேண்டும். ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள். பெயர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வழி கொடுத்த மாதிரி ஆகும், நமக்குத் தேவையும் இல்லை.

நகல் கேட்பதற்குப் பதில் நேரில் போய்ப் பதிவேட்டைப் பார்வையிடவும் சட்டத்தில் உரிமை இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. முடிந்தால் இதைச் செய்யுங்கள். நிலையத்துப் பதிவேட்டைக் கையில் வாங்கிப் புரட்டியபோது எனக்குத் தெரிந்தது வேறு. ஒரே வாரத்தில் ரெண்டு மாட்டைக் கிணற்றிலிருந்து தூக்கியிருக்கிறார்கள், நாலு வீட்டில் பாம்பு பிடித்திருக்கிறார்கள், குளத்தில் மூழ்கிய ஒரு பையனின் உடலை ராத்திரி முழுக்கத் தேடி விடிகாலையில் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் அதே எட்டுப் பேர். இதைப் பார்த்துவிட்டு எழுதும் மனுவின் குரலே மாறிவிடும்.

பதில் வந்ததும் நாலு இடைவெளியைப் பாருங்கள்

நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி இரண்டு நேரத்துக்கு நடுவில் எவ்வளவு என்று குறியுங்கள்.

நீங்கள் அடித்த நேரத்துக்கும் நிலையத்தில் தகவல் பதிவான நேரத்துக்கும் இடைவெளி இருந்தால் கோளாறு நிலையத்தில் இல்லை. அழைப்பு கட்டுப்பாட்டு அறை வழியாக வந்திருந்தால் அங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று பார்க்க வேண்டும், அதற்குத் தனி மனு, தனி அலுவலகம். தகவல் வந்ததற்கும் வண்டி கிளம்பியதற்கும் நடுவில் இருப்பது நிலையத்தின் தயார்நிலை. மணி அடித்து ஒரு நிமிடத்தில் கிளம்பும் நிலையங்கள் இருக்கின்றன, இங்கே ஆறேழு நிமிடம் ஆகியிருந்தால் ஆள் இல்லையா, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா என்று கேட்கலாம். கிளம்பியதிலிருந்து வந்து சேரும் வரை என்பது தூரமும் சாலையும். மத்திய அரசின் நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழு நகரத்துக்கு 3 முதல் 5 நிமிடம், கிராமப்புறத்துக்கு 20 நிமிடம் என்று பரிந்துரைத்திருக்கிறது. இது பரிந்துரைதான், சட்டக் கட்டாயம் கிடையாது, ஆனாலும் நம் மனுவில் வைத்துப் பேச ஓர் அளவுகோல் வேண்டுமே.

வந்து நின்றதிலிருந்து தண்ணீர் அடிக்கும் வரை உள்ள இடைவெளி பதிவேட்டில் இருக்காது, அதற்குத்தான் வீடியோ. பெரும்பாலும் மக்கள் கோபப்படுவதே இந்த இடத்தில்தான், அதிலும் பாதி நேரம் காரணம் நாமாக இருக்கிறோம், தெருவை அடைத்து நிறுத்திய வேன், சுற்றி நின்று போன் பிடிக்கும் கூட்டம்.

இந்த மாதிரி நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்ததால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன் கிரென்ஃபெல் டவர் விபத்தைத்தான் சொல்வேன். 2017 ஜூன் 14, 24 மாடிக் குடியிருப்பு, 72 பேர் இறந்துபோனார்கள். முதல் அழைப்பு இரவு 12.54க்கு, முதல் வண்டி ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஆக, தாமதம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருந்தவர்களிடம் "வீட்டுக்குள்ளேயே இருங்கள், உதவி வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த அறிவுரையைக் கைவிட்டது 2.47க்கு. விசாரணைக் குழு 2019 அக்டோபரில் கொடுத்த முதல் அறிக்கையில், 1.30க்கும் 1.50க்கும் நடுவிலேயே எல்லாரையும் வெளியேற்ற முடிவெடுத்திருக்க முடியும், எடுத்திருந்தால் சாவு குறைந்திருக்கும் என்று எழுதியது. உள்ளே ஏறிப்போன வீரர்களின் துணிச்சலைப் பாராட்டிவிட்டு, தலைமை இப்படி ஒரு தீக்குத் தயாராகவே இல்லை என்று தனியாகக் குறை சொன்னது. படைத் தலைவர் சில வாரத்தில் முன்கூட்டியே பதவியை விட்டு விலகினார். வீரரையும் தலைமையையும் பிரித்துப் பார்த்த அந்த முறையைத்தான் நாம் சின்ன அளவில் நம் ஊரில் செய்ய வேண்டும்.

பதில் வராவிட்டால்

30 நாள் பொறுங்கள். பதில் வரவில்லை, அல்லது மழுப்பலாக வந்தது என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, கட்டணம் கிடையாது. அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. ஆணையம் நினைத்தால் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். ஆணையத்தில் மாதக்கணக்கில் இழுக்கும், சில சமயம் வருடத்தையும் தாண்டும், ஆனால் முதல் மேல்முறையீடு போன மறுவாரமே பதில் வந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

"போலீஸ் விசாரணை நடக்கிறது, தர முடியாது" என்பார்கள். 8(1)(எச்) பிரிவு அப்படி மறுக்க இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, இந்தத் தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இதை எழுதுங்கள். பதிவேட்டில் வேறு விஷயம் கலந்திருக்கிறது என்று மறுத்தால், அதை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க 10ஆவது பிரிவு இருக்கிறது.

பதிவு கையில் வந்த பிறகுதான் புகார் மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், 1100 உதவி எண்ணிலும் பதியுங்கள், ஒரு நகல் துறை இயக்குநருக்கு. ஒரே பக்கம் போதும். "இத்தனை மணிக்கு இது, இத்தனை மணிக்கு இது, இணைப்பு 1 முதல் 6" என்று நேரமும் காகிதமும் மட்டும் இருக்கட்டும், "மெத்தனப் போக்கு" மாதிரி வார்த்தை எதுவும் வேண்டாம்.

தீ பிடிப்பதற்கு முந்தைய காகிதம்

இதைக் கடைசியில் வைத்தாலும் உண்மையில் பெரிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. தீ பிடித்த பிறகு துறை செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. சென்னை தியாகராய நகரில் 2017 மே 31 அன்று பிடித்த தீ ஒரு நாளைத் தாண்டி எரிந்தது, ஏழு மாடிக் கடையைக் கடைசியில் இடித்துத்தான் தள்ள வேண்டியதாயிற்று. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் கருகினார்கள். மதிய உணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ மேல்மாடிக் கீற்றுக் கொட்டகைக்கு ஏறியது, குறுகலான ஒரு படிக்கட்டு. அங்கே வண்டி எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தால் என்ன? கீற்றுக் கொட்டகைக்குக் கீழே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைக்க யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

டெல்லி உப்ஹார் திரையரங்கு வழக்கும் அப்படித்தான். 1997 ஜூன் 13, 59 பேர் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். பறிகொடுத்த குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து பல வருடம் போராடின. 2007இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களில் டெல்லி தீயணைப்புத் துறை அதிகாரியும் ஒருவர். அவர் தண்டிக்கப்பட்டது அன்று தீயை அணைத்த விதத்துக்காக இல்லை. ஒழுங்காகச் சோதிக்காமல் தடையின்மைச் சான்று கொடுத்ததற்காக.

அதனால் உங்கள் தெருவில் இருக்கிற கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், டியூஷன் சென்டர், இதில் எதற்கு வேண்டுமானாலும் இப்போதே ஒரு மனு போடலாம். தீ உரிமம் அல்லது தடையின்மைச் சான்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும், கடைசியாக ஆய்வு செய்த தேதி, ஆய்வு அறிக்கை நகல், குறை சொல்லி நோட்டீஸ் கொடுத்திருந்தால் அதன் நகல், அந்தக் குறை சரியானதா என்று மறுபடி பார்த்த தேதி. தமிழ்நாட்டில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடம் என்று 2019 கட்டட விதிகள் சொல்கின்றன, அப்படிப்பட்ட கட்டடம் என்றால் தீயணைப்புத் துறையின் சான்று கட்டாயம் இருந்தாக வேண்டும். சான்றுக்குப் பணம் கேட்டார்கள் என்று தெரிந்தால் அது லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டிய விஷயம், ஆர்டிஐயில் அது வெளிவராது.

ஒரு தடவை எங்கள் பக்கத்து ஊர்ப் பெற்றோர் மூன்று பேர் இப்படி ஒரு பள்ளிக்கு மனு போட்டார்கள். பதிலில் "கடைசி ஆய்வு" என்று இருந்த தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு மாவட்ட அலுவலருக்கு அனுப்பினார்கள், இரண்டு வாரத்தில் மறு ஆய்வு நடந்தது, பூட்டியே கிடந்த பின்பக்கப் படிக்கட்டுக் கதவு திறந்தது.

கோர்ட்டுக்குப் போவது பற்றி

உயிர் போயிருந்தால் முதலில் எஃப்ஐஆர் நகல் வாங்குங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106ஆவது பிரிவு கவனக்குறைவால் மரணம், அதில் யாரைச் சேர்ப்பது என்பது போலீஸ் விசாரணையைப் பொறுத்தது. மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பெரிய விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும், இதைப் பலரும் கேட்பதே இல்லை.

அதே நேரம் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உப்ஹார் வழக்கிலேயே 2011இல் உச்ச நீதிமன்றம், மாநகராட்சியும் உரிமம் கொடுத்த அதிகாரியும் இழப்பீடு கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. சட்டப்படியான கடமையைக் கெட்ட நோக்கமில்லாமல் சரியாகச் செய்யாமல் விட்டதற்காக அரசு அமைப்பின் மேல் இழப்பீடு சுமத்த முடியாது என்பது அதன் சாரம். இழப்பீடு திரையரங்கு நடத்தியவர்கள் மேலும், மின்மாற்றியை வைத்திருந்த மின்வாரியத்தின் மேலும் விழுந்தது. ஆகவே துறைக்கு எதிரான ரிட் மனுவில் பணத்தைவிட, காலியிடத்தை நிரப்பு, வண்டி கொடு, ஆய்வு செய் என்று உத்தரவு கேட்பதுதான் பலன் தரும் என்று எனக்குப் படுகிறது. எல்லாக் காகிதத்துக்கும் சான்றிட்ட நகல் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். உப்ஹார் வழக்கில் நீதிமன்றக் கோப்பிலிருந்தே காகிதங்கள் காணாமல் போயின, சிலவற்றில் மை கொட்டியிருந்தது. அதற்காகவே தனி வழக்கு நடந்து 2021இல் தண்டனை வந்தது.

ஏப்ரல் 14

1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கப் போய் உயிர்விட்ட வீரர்கள் நினைவாக ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். அப்போது நிலையங்கள் மக்களோடு பேசத் தயாராக இருக்கும். நிலைய அலுவலரைப் போய்ப் பாருங்கள், குறை சொல்லப் போகாதீர்கள், "உங்களுக்கு என்ன வேணும் சார், நாங்க எங்க எழுதணும்" என்று கேளுங்கள். மேலே எழுதி எழுதி அலுத்தவர்கள் அவர்கள். எந்தக் கடிதம் எப்போது எந்த அலுவலகத்துக்குப் போனது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலையே ஆர்டிஐயில் கேட்டு வாங்கலாம்.

கிராமம் என்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் புதிய நிலையங்கள், புதிய வண்டிகள் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் ஊர் பெயர் வந்து இரண்டு வருடமாகியும் கட்டடம் வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மனுவோடு இணையுங்கள், எம்எல்ஏவிடமும் ஒன்று கொடுங்கள்.

நாங்கள் அன்று கத்திய டிரைவரை நான் அடுத்த வருடம் ஏப்ரலில் பக்கத்து ஊர் நிலையத்தில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி, பழகிருச்சு" என்றார், அதைக் கேட்டது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் எங்கள் ஊர் நிலைய அலுவலரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் டேப்போடு எங்கள் தெருவுக்கு வந்து அகலத்தை அளந்தார்கள். நடுவில் ஒரு மின்கம்பம், அதை ஒட்டி ஒரு பெட்டிக்கடை, அந்த இடத்தில் வண்டி திரும்பாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வைத்து மனுப் போட்டுப் போட்டுக் கம்பத்தை நாலடி தள்ளி நட ஒன்றே முக்கால் வருடம் ஆனது. இப்போது வண்டி கடைசி வீடு வரை வந்து திரும்பும். ஏழு காலியிடத்தில் மூன்று நிரம்பியிருக்கிறது. இரண்டாவது வண்டி இன்னும் வரவில்லை, அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டுப் போன மாதம் அனுப்பிய மனுவுக்கு வருகிற 19ஆம் தேதியோடு 30 நாள் முடிகிறது.